புகையானின் றெக்கையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாளடி (இரண்டாம் போக) நெல்லில், தூரில் சாறு உறிஞ்சிப் பயிரைக் கருக வைக்கும் புகையான் பூச்சியின் தாக்குதல் பற்றி நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். வட்ட வட்டமாகக் கருகிய வயலின் படம், மருந்தின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருந்தது. அந்தப் பூச்சியின் றெக்கையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மன்னார்குடிப் பக்கம் நெல் போடுகிற எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

புகையானில் குட்டை றெக்கை, நீள றெக்கை என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒரே இனம். குட்டை றெக்கைக்குப் பறக்க வராது, ஆனால் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கி நிறைய இடும். எந்த றெக்கை என்பது குஞ்சுப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. பயிர் இளசாக, இடம் தாராளமாக இருந்தால் குட்டை றெக்கையோடு அங்கேயே தங்கிப் பெருகும். தூரில் நெரிசல் கூடி, பயிரும் முற்றிச் சாறு குறைந்தால் நீள றெக்கைப் பூச்சிகள் அதிகமாகும், அதாவது கூட்டம் கிளம்பத் தயாராகிவிட்டது. இதை உடம்புக்குள் தீர்மானிப்பது இரண்டு இன்சுலின் ஏற்பிகள் (இன்சுலினின் சேதியை வாங்கும் புரதங்கள்) என்று 2015இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2020இல் நாம் எல்லோரும் பயந்த பாலைவன வெட்டுக்கிளியும் நெரிசலில்தான் நிறமும் குணமும் மாறிக் கூட்டமாகக் கிளம்புகிறது. அது நம் டெல்டாவுக்கு வரவில்லை, புகையானோ வயலுக்குள்ளேயே இருக்கிறது.

பார்ப்பது கஷ்டமில்லை. தூரைச் சாய்த்துத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். குட்டை றெக்கைப் பெண் பூச்சி தடித்து உருண்டிருக்கும், றெக்கை பாதி முதுகோடு நின்றுவிடும். மற்றதற்குக் கண்ணாடி போன்ற றெக்கை வயிற்று நுனியையும் தாண்டி நீண்டிருக்கும்.

இளம் பயிரில் குட்டை றெக்கை தென்பட்டால் இங்கேயே பெருகப் போகிறது என்று பொருள். தண்ணீரை வடித்து, யூரியாவைக் குறைத்து, புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொல்லும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டிய நேரம் அது. எட்டடிக்கு ஓரடி பட்டம் (நாற்று நடாத இடைவெளி) விடுவதை நடவிலேயே செய்துவிட வேண்டும், அப்புறம் முடியாது. வயல் கருகிய பிறகு அந்த வட்டத்தில் மருந்தடித்து என்ன பிரயோஜனம்? றெக்கை முளைத்தது பக்கத்து வயலுக்குப் போயிருக்கும், செலவுதான் மிச்சம்.

அடுத்த முறை கருகிய வயலின் படத்தோடு இந்த இரண்டு பூச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாகப் போடுங்கள். சம்பா நடவுக்கு முன்பே போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம்