மாடியில வெயில் கொளுத்துது, கீழ ஃபேன் ஓடல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல மாடி சோலார் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. எழுதினது எதுவும் தப்பில்ல. ஆனா மாட்டி ஒரு கோடைய ஓட்டினவன் நான், எனக்கு தெரிஞ்ச ஒண்ணு அதுல வரவே இல்ல, அதான் எழுதறேன்.

வேலூர் வெயில பத்தி உங்களுக்கு சொல்லணுமா, கத்திரி வந்தா 42, 43 டிகிரினு நீங்கதான் போடறீங்க. வெயிலூருனு ஊரே கிண்டல் பண்ணுதே, அந்த வெயில வச்சாவது நாலு காசு மிச்சம் பண்ணலாம்னு காட்பாடியில எங்க மாடில 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டோம். மத்திய அரசோட சூர்யா கர் திட்டத்துல 78,000 ரூபா மானியம் பேங்க்ல ஏறிச்சு. நல்ல நாள்ல 12 யூனிட் வரைக்கும் வருது, ரெண்டு மாச பில்ல பாத்தா வயிறு குளுந்துதான் கீது, அத மறைக்க மாட்டேன்.

மே மாசம் ஒரு நாள் மெயின்டனன்ஸ்னு காலைல 9 மணிக்கே கரண்ட் நிறுத்திட்டாங்க (அந்த லிஸ்டும் உங்க பேப்பர்லதான் வருது). மேல வெயில் பொளக்குது, கீழ ஒரு ஃபேன் சுத்தல. எங்கம்மா கட்டில்ல பனை விசிறிய வச்சுக்கினு "இன்னாடா, மாடி பூரா கண்ணாடி பரப்பி வச்சிகீற, காத்துக்கு வழியில்லையே"ன்னாங்க. மாட்டின பையனுக்கு போன் போட்டா "அண்ணா, அது ஆன்கிரிட், லைன்ல கரண்ட் இருந்தாதான் ஓடும்"னு சாதாரணமா சொல்றான். காரணம் நியாயமானதுதான், லைன ஆஃப் பண்ணிட்டு போஸ்ட்ல ஏறி வேலை செய்யற ஆளுக்கு எங்க மாடி கரண்ட் போய் ஷாக் அடிச்சா என்ன ஆவறது, அதனால பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்தற இன்வெர்ட்டர் தானா நின்னுடும். ஆனா இத காசு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லணுமா இல்லையா? பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வச்சா ஓடும், ஆனா மானியம் பேனலோட கிலோவாட் கணக்குதான், பேட்டரி செலவு நம்ம கைய விட்டுதான் போவணும்.

இன்னொண்ணு, வெயில் ஜாஸ்தின்னா கரண்ட்டும் ஜாஸ்தினு நெனச்சோம் பாருங்க, அதுவும் இல்ல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. பேனலோட சூடு 25 டிகிரிக்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்ட்டு நூத்துக்கு 0.3, 0.4னு கொறையுமாம், மே மத்தியானத்துல பேனல தொட்டா கை பொத்துக்கும், மார்ச்ல வந்த அளவு எங்களுக்கு அப்ப வரல. தூசி கழுவலாம்னா எங்க போர் தண்ணி உப்பு, திட்டு திட்டா வெள்ளையா படியுது, கடைசில கேன் தண்ணிய தூக்கிக்கினு மாடி ஏறினேன்.

ஸ்டேட்டுக்கும் இதே கதைதானே சார். கன்னியாகுமரி பக்கம் ஆரல்வாய்மொழியில நிக்கற காத்தாலைங்க ஆடி மாசம் அள்ளி குடுக்கும், ஐப்பசில அடங்கிடும், சூரியனோ 6 மணிக்கு மேல லீவு, நாம ஏசி போடறது அப்பறம்தான். பகல்ல வர்றத ராத்திரிக்கு புடிச்சு வைக்க பெரிய பேட்டரி ஸ்டேஷனுங்க வராம பேனல மட்டும் ஏத்திக்கினே போனா எப்படி?

அடுத்த தடவ அந்த பக்கம் போடும்போது பேட்டரியோட எவ்ளோ, இல்லாம எவ்ளோ, கரண்ட் போனா எது ஓடும்னு பெரிய எழுத்துல போடுங்க சார். பக்கத்து வீட்டுக்காரரு அட்வான்ஸ் குடுக்க ரெடியா கீறாரு, நான் சொன்னா "உனக்கு வந்துடுச்சு, எனக்கு வேணாம்னு சொல்றியா"ங்கறாரு. பேப்பர்ல வந்தா நம்புவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி