வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நூல் அறிமுகங்களுக்குச் சுமாரான கூட்டம், சிறுவர் கதை நேரத்துக்கு நல்ல கூட்டம். மற்றபடி இந்த ஆண்டு எங்கள் நேரத்தை எல்லாம் விழுங்கியது வாசிப்பறைச் சண்டைகள்தான்.

சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இங்கே வரவே பயமாக இருக்கிறது, ஒரு காவலாளியைப் போடுங்கள்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. எதற்குப் பயம், யாரிடம் பயம் என்று கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. சரி, முதலில் ஒரு நோட்டைப் போடுவோம் என்று செயற்குழு முடிவு செய்தது. தேதி, நேரம், இடம், நடந்தது என்ன, யார் பார்த்தது, என்ன செய்தோம். இவ்வளவுதான் பதிவேடு.

அதில் எழுதுவதற்கே நாங்கள் பழக வேண்டியிருந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், "குடிகாரர் ஒருவர் கலாட்டா செய்தார்" என்று இருக்கிறது. நூலகர் படித்துவிட்டு, "குடித்ததைப் பார்த்தீர்களா சார்?" என்றார். பார்க்கவில்லை. அவர் தடுமாறியதையும், நாற்காலியை உதைத்ததையும், இரண்டு முறை கத்தியதையும்தான் பார்த்தேன். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் கால் தடுமாறும், நாக்குக் குழறும், சிடுசிடுப்பு வரும். அந்த வரியை அடித்துவிட்டுக் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன். அடித்த வரி அப்படியே தெரிகிறது, யாரும் பார்க்கலாம்.

பக்கங்கள் நிறைய நிறைய, பெரும்பாலான சண்டைகள் பொருள்களைச் சுற்றியே நடப்பது தெரிந்தது. செல்பேசிக்குச் சார்ஜ் போடும் இடம், காற்று வரும் நாற்காலி, நாளிதழ். ஒருநாள் காலையில் இரண்டு பெரியவர்கள் கிட்டத்தட்டக் கைகலப்புக்கே போய்விட்டார்கள். ஒருவர் படித்துக்கொண்டிருந்தது முதல் பக்கம்; நடுத்தாளோ அவர் முழங்கைக்கு அடியில். நூலகர் நேராகப் போய் எதிரே நிற்கவில்லை. இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில், வாசலுக்குப் போகிற வழியை மறைக்காமல் நின்றார். "சண்டை போடாதீர்கள்" என்று சொல்லவில்லை. "ஐயா, இந்தப் பக்கம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தணிந்த குரலில் கேட்டார். "பத்து நிமிஷம்" என்றார் அவர். முழங்கை தானாக நகர்ந்தது. மறுநாளிலிருந்து நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக் கிளிப்பில் மாட்டுகிறோம். அதன்பின் நாளிதழுக்காக ஒரு பதிவுகூட இல்லை.

ஆனால் பதிவேட்டில் ஏறாமல் போனவைதான் கவலை தருகின்றன. அடுக்குக்கு அடுக்கு ஒருவர் பின்னாலேயே வந்து நின்றதாக ஓர் உறுப்பினர், மாதங்கள் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கிடையே சொன்னார். அன்று அவர் யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியேறியிருக்கிறார். கத்துகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். பேசாமல் வெளியேறுகிறவரை நாங்கள் பார்க்கவில்லை. உயரமான அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, இரவல் மேசையிலிருந்து எல்லா இடைவழிகளும் தெரியும்படி செய்திருக்கிறோம். பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டியும் வைத்திருக்கிறோம்.

விதிகள் விஷயத்தில் செயற்குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. "அழுக்கு உடையோருக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைக்கச் சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் மாரிஸ்டவுன் நூலகம் வீடற்ற ஒருவரை வெளியேற்றிய வழக்கை இரு தரப்பும் எடுத்துக்காட்டினோம். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நூலகத்தின் விதிகள் செல்லும் என்றது, உடல் நாற்றம் பற்றிய விதி உட்பட. ஆனால் அந்த விதி, நாற்றம் பிறருக்குத் தொந்தரவாகும் அளவுக்கு இருந்தால்தான் பொருந்தும். உடையைப் பார்த்து வாசலில் நிறுத்த அதில் இடமில்லை. பொது நூலகத்தில் தகவல் பெறும் உரிமை அரசமைப்புச் சட்டப்படி உண்டு என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே எங்கள் பலகையில் இப்போது ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, செய்கை பற்றி மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே எழுதிவிட்டார். "ஒவ்வொரு" என்பதில் நம் மூக்கைச் சுளிக்க வைப்பவரும் அடக்கம்.

தடை விதிப்பதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பக்கங்களைக் கிழித்த ஓர் இளைஞரிடம், "இனி இங்கே வராதே" என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது தடை என்றால் கடிதம்: காரணம், காலம், யாரிடம் முறையிடலாம் என்ற விவரம். அவருக்கும் தாமதமாக அப்படி ஒரு கடிதம் போனது.

காவலாளி கேட்டவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் ஒரு முழுநேரச் சமூகப் பணியாளரையே நியமித்தது. நமக்கு அந்த வசதி இல்லை. உதவி கிடைக்கும் இடங்களின் தொலைபேசி எண்களை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம், அவ்வளவே. ஆனால் யாராவது அடிக்கக் கை ஓங்கினாலோ ஆயுதம் தெரிந்தாலோ தணிந்த குரல் எல்லாம் கிடையாது. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் காவல்துறையை அழைப்பதுதான். புத்தகத் திருடனைத் துரத்திப் பிடிக்கிற வீரம் யாருக்கும் வேண்டாம். மூடும் நேரத்தில் பெற்றோர் வராமல் ஒரு குழந்தை இருந்தால் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும். தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எவரும் கிளம்பக் கூடாது.

மாலை நேரத்தில் பணியாளர் ஒருவர் தனியாக இருக்கும் நிலை இன்னும் தீரவில்லை. மேசைக்கு அடியில் வைக்க வேண்டிய அழைப்பு மணியும் வரவில்லை. மூடும் நேரத்துக்கு வாரம் ஒருநாள் வந்து உடன் இருக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவை இப்போது பொருளாளர் வாசிப்பார்.