ஒருமாதிரி சுனோன்சோ பாத்தாச்சு, பிள்ளை

பிள்ளை,

போனில சொல்லுவம் எண்டா நீ வேலைக்கு ஓடுற அவசரத்தில "ம்ம், ம்ம்" எண்டுவாய், உனக்கு அங்க காலமை எண்டா எனக்கு இஞ்ச மத்தியானம், நான் கிச்சினுக்கை நிப்பன், அதுதான் எழுதுறன். நீளமாத்தான் இருக்கும், மெட்றோக்கை இருந்து வாசி.

நானும் அம்மாவும் போன கிழமை ரெண்டு நாள் லுவார் ஆத்தங்கரை ஊர் அம்புவாஸ் போயிட்டு வந்தனாங்கள், அப்பிடியே சுனோன்சோ அரண்மனையும் பாத்தம். ஓம், நாங்கள்தான். முப்பது வருசமா இந்த நாட்டில இருந்து நான் கண்ட பிரான்ஸ் எண்டா லாச்சப்பல், லா கூர்னோவ், ரெஸ்ரோரன்ற் பின்வாசல், நேத்திக்கு வச்சுப் போன லூர்து மாதா கோயில், அவ்வளவும்தான். பத்ரோன், ரெஸ்ரோரன்ற் முதலாளி, ஓகஸ்டில ரெண்டு கிழமை பூட்டினா அந்த ரெண்டு கிழமைக்கும் வேற எங்கயாவது கிளீனிங் பிடிச்சுப்போடுவன், உனக்குத் தெரியும்தானே. இந்த முறை அம்மா வடிவாச் சொல்லிப்போட்டா, ரிக்கற் நீங்கள் போடுறீங்களோ நான் போடவோ எண்டு.

பாரிஸ் ஓஸ்தர்லிட்ச் ஸ்ரேசனில ஏறினா நேர அம்புவாஸ், கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம். ஸ்ரேசன் ஆத்துக்கு இந்தக் கரை, ஊர் அந்தக் கரை, நடுவில ஒரு தீவு, இல் தோர் எண்டு பேர், பொன் தீவு, பாலம் அதில ஒருக்காக் காலை வச்சிட்டுத்தான் அங்கால போகுது. லுவார்தான் பிரான்ஸிலயே நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல ஓடுது, ஆனா பாலத்தில நிண்டு பாத்தா அங்கங்க மணல் திட்டு, தண்ணி முழங்காலளவுதான் எண்ட மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்தாம், அடியில மணல் இடம் மாறிக்கொண்டே இருக்குமாம், குளிக்க இறங்கக் கூடாது. அம்மா எட்டிப் பாத்திட்டு "எங்கட வழுக்கியாறு மாதிரிக் கிடக்கு" எண்டா. மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கியாறும் இதும் ஒண்டோ? சரி, ஊரில அவ கண்ட ஆறு அது ஒண்டுதானே.

கோட்டை ஆத்துக்கு மேல கற்பாறையில குந்திக்கொண்டு இருக்கு. அதின்ர ஒரு கோபுரத்துக்கை படியே இல்லை, குதிரையும் வண்டிலும் நேர மேல ஏறுற மாதிரிச் சுத்திச் சுத்திச் சரிவாக் கட்டியிருக்கினம். அம்மாக்கு முழங்கால் நோ எண்டபடியா எனக்கு அது பெரிய நிம்மதி. எட்டாம் சார்ள் எண்ட ராசா இதுக்கைதான் பிறந்தவர், இதுக்கைதான் செத்தவர், என்னெண்டு செத்தவர் தெரியுமோ, 1498 இல பந்து விளையாட்டுப் பாக்கப் போகேக்கை கதவு நிலையில தலை அடிபட்டு. 27 வயசு. அப்பம்மா வீட்டு வாசல் நிலை பதிவு, உள்ள வாற எல்லாரையும் "குனிஞ்சு வாடா, குனிஞ்சு வாடா" எண்டு கத்திக்கொண்டே இருப்பா, அந்த ராசாவுக்கு அப்பிடி ஒராள் இல்லாமப் போச்சு.

டாவின்சியைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ படிச்சிருப்பாய். 1516 இல பிரான்சுவா ராசா கூப்பிட்டு, அறுபது வயசு தாண்டின மனுசன் இத்தாலியில இருந்து மொனாலிசாவையும் காவிக்கொண்டு வந்து, கோட்டைக்குப் பக்கத்திலயே குளோ லூசே எண்ட செங்கல் வீட்டில மூண்டு வருசம் இருந்து அங்கயே செத்துப்போனார். ராசா வீடும் குடுத்து வருசா வருசம் பொற்காசும் குடுத்தவர். எங்களுக்கு விடியப்பறம் நாலு மணிக்கு விசா வரிசை. வீட்டைச் சுத்தின தோட்டத்தில அவர் கீறி வச்ச மெசினுகளைப் பெரிசாச் செய்து வச்சிருக்கினம், பிள்ளையள் பிடிச்சுச் சுத்தி விளையாடுதுகள், ஆமை ஓட்டைக் கவிழ்த்து வச்ச மாதிரி ஒரு டாங்கியும் நிக்குது. "டாங்கி பாக்கவோ காசு குடுத்து வந்தனாங்கள்" எண்டிட்டு அம்மா அங்கால போய் வாங்கில இருந்திட்டா. அவ அப்பிடிச் சொல்லேக்கை நான் சிரிக்கேல்லை.

ஆனா கோட்டையில என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது டாவின்சின்ர கல்லறை இல்லை. மேல தோட்டத்து மூலையில, ஆக்கள் கனக்கப் போகாத பக்கம், 25 கல் நட்டிருக்கு. அமீர் அப்துல் காதர் எண்டு ஒராள், ஊர்ச் சந்தையில பழம் வித்த மனுசன்ர பேர் மாதிரி இருக்கு எண்டு கிட்டப் போய் வாசிச்சனான். அல்ஜீரியாவில பிரெஞ்சுக்காரரோட பதினஞ்சு வருசம் சண்டை பிடிச்ச தலைவராம். 1847 இல சரணடைஞ்சவர், முஸ்லிம் நாடு ஒண்டுக்குப் போக விடுறம் எண்டு வாக்குக் குடுத்துத்தான் சரணடைய வச்சவங்கள், பிறகு கப்பலில ஏத்தி பிரான்ஸுக்குக் கொண்டந்து அடைச்சுப்போட்டாங்கள். 1848 இல இருந்து 1852 மட்டும் இந்தக் கோட்டைக்கைதான், குடும்பம், சின்னப்பிள்ளையள், வேலைக்காரர் எல்லாரோடயும். அவரை விடுவிச்சு அனுப்பிறதுக்கிடையில செத்த ஆக்களுக்குத்தான் அந்தக் கல்லுகள். கீழ ஆறு பளபளக்குது, சனம் ஐஸ்கிறீம் குடிக்குது, நான் ஒவ்வொரு கல்லா எண்ணிக்கொண்டு நிண்டனான். அம்மா வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா.

பின்னேரம் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தனான், சிரிக்காத. லுவார் கரையோட சைக்கிளுக்கெண்டே பாதை போட்டிருக்கினம், கடல் மட்டும் போகலாம், எனக்கு ஒரு மணித்தியாலம் காணும் எண்டு போச்சு. காலமை ஆத்தங்கரையில ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஆட்டுப்பால் சீஸ், சாம்பல் பூசி நடுவால வைக்கோல் தண்டு குத்தினது, அந்தச் செந்த்-மோரை எத்தினை வருசம் ரெஸ்ரோரன்றில வெட்டியிருப்பன், ஆனா ஊர்ச் சந்தையில வச்சு வாங்கினது இதுதான் முதல் தரம்.

அதை விடு. சுனோன்சோவுக்கு வாறன்.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்லை, எட்டு வயசிருக்கும் உனக்கு. செப்ரெம்பரில பள்ளிக்கூடம் துறந்து கொஞ்ச நாளால ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவ, கடைசியில "லீவுக்குப் போன சுனோன்சோ எப்பிடி இருந்தது மெசியூ, பிள்ளை வடிவா எழுதியிருக்கிறா" எண்டு கேட்டவ. நான் ஒண்டும் விளங்காம "வுய், வுய், த்ரே போ" எண்டு தலையாட்டினனான். வீட்ட வந்து உன்ர கொப்பியைத் துறந்து பாத்தா, வருசக் கடைசியில தபால்காரர் கதவு தட்டி விக்கிற கலண்டர் குசினியில தொங்கினதல்லோ, அதில இருந்த படத்தை அப்பிடியே பாத்துக் கீறியிருந்தாய். ஆத்துக்கு மேல அரண்மனை, கீழ வளைவு வளைவா, தண்ணியில ஒரு சின்ன வள்ளம், வள்ளத்துக்கை மூண்டு பேர். நான் உன்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. அம்மாட்டயும் சொல்லேல்லை, இப்ப ரெயினுக்கைதான் சொன்னனான்.

அம்புவாஸில இருந்து ராக்சி பிடிச்சம், பதினஞ்சு கிலோமீற்றர் வராது, வழி நெடுக மரம். திரும்பேக்கை ராக்சி தேவையில்லை, வாசலடியிலயே ஸ்ரேசன் இருக்கு, தூர் பக்கம் போய் மாறி வரலாம். இந்த ஆறு லுவார் இல்லை, ஷேர். அரண்மனையில இருந்து அறுபது மீற்றர் நீளத்துக்கு ஒரு மண்டபம் ஆத்துக்கு மேலயே போய் அந்தக் கரையைத் தொடுது. முதலாம் உலக யுத்தத்தில அந்த மண்டபம் ஆஸ்பத்திரி, சொக்லேற் கொம்பனி வைச்சிருந்த மெனியே குடும்பம்தான் அப்ப சொந்தக்காரர், அவையின்ர செலவில ரெண்டாயிரம் பேருக்கு மேல மருந்து கட்டினவையாம். ரெண்டாவது யுத்தத்திலதான் பெரிய கதை. ஜேர்மன்காரன் பிரான்ஸை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கேக்கை இந்த ஆறுதான் எல்லை, முன்வாசல் அவன்ர பக்கம், மண்டபத்தின்ர மற்றத் தொங்கல் கதவு மற்றப் பக்கம், இந்த மண்டபத்தால நடந்து அந்தக் கதவால வெளிய போய்க் கனபேர் தப்பினவையாம். இப்ப அதால சனம் தண்ணிப் போத்திலோட வெளிய போய்ப் போட்டோ எடுத்திட்டு வருகுது. நானும் போனனான், போயிட்டுத் திரும்ப உள்ள வந்தனான், பேந்தும் ஒருக்காப் போனனான்.

பிறகு ஆத்தில கனூ வாடகைக்குக் குடுக்கிற இடம் கேட்டுப் போனம். அம்மா மாட்டன் மாட்டன் எண்டு நிண்டவ, லைஃப் ஜக்கற் போட்ட உடன முன்னுக்குப் போய்க் குந்தியிட்டா. துடுப்பை அகப்பை மாதிரிப் பிடிச்சுத் தண்ணியைக் கிண்டினாவே தவிர வலிக்கேல்லை, நான்தான் பின்னுக்கு இருந்து இழுத்தது. வளைவுக்குக் கீழ போன உடன குளிருது, கதைச்சா குரல் திரும்பி வருது, வெயில் தண்ணியில பட்டு மேல கல்லில ஆடுது. அதில நான் வலிக்கிறதை நிப்பாட்டிப்போட்டன். கடைசியா வள்ளத்தில ஏறினது 93 இல, ஊரில சண்டை நேரம், யாழ்ப்பாணக் கிளாலிக் கடலில. இரவு, லைற் இல்லை, வள்ளத்தை வள்ளத்தோட கயித்தில கட்டி இழுக்கினம், எனக்குப் பக்கத்தில ஒரு மனுசி அழுற பிள்ளையின்ர வாயைக் கையால பொத்திக்கொண்டு இருந்தவ. இப்ப நான் காசு குடுத்து வள்ளம் வலிக்கிறன், மேல சனம் ஜன்னலால கை காட்டுது.

அம்மா திரும்பி "ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்" எண்டு கேட்டா. கை நோகுது எண்டனான்.

கனூவில நடுவில மூண்டாவது ஆளுக்கு ஒரு சீற் இருக்கு, அதில அம்மான்ர பையும் இடியப்பப் பார்சலும்தான் வந்தது. குளிர் வந்தா ஆத்தில விடமாட்டினமாம், அதுக்கு முதல் ஒரு கிழமையாவது லீவு கேட்டுப் பார், ரிக்கற் காசு நான் போடுறன், பத்ரோனுக்கு இப்பவே சொல்லி வைக்கிறன்.

அப்பா