தொப்பிக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று இரவு டெக்சஸ் மோட்டார் ஸ்பீட்வேயில் இண்டிகார் கார்ப் பந்தயம் முடிந்து வீடு வந்து சேர மணி ஒன்றரை. காது இன்னும் இரைகிறது. சூட்டோடு எழுதிவிடுகிறேன், ஆறப்போட்டால் கூச்சம் வந்துவிடும்.

ஜூனில் இதே ரேஸைப் பார்க்கப் போய் அப்பாவும் நானும் பட்ட பாடு டாலஸ் நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். என் புலம்பலைக் கேட்டே சலித்திருப்பீர்கள். சனிக்கிழமை மழை. ஞாயிற்றுக்கிழமை 71 சுற்று, மறுபடி மழை. மிச்சத்தை ஆகஸ்ட் 27-இல் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்பாவுக்கோ ஜூலையில் ஊருக்கு டிக்கெட்.

கார் கொடுத்தவர், இரண்டு நாளும் புளியோதரை கட்டிக் கொடுத்த அக்கா, திங்கட்கிழமை என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர், "வீடு சேர்ந்தாச்சா" என்று நடுராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்த குழுவினர் எல்லோருக்கும் நன்றி. உங்களை மொத்தமாக ஒரே வரியில் முடிக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நேரில் வந்து சொல்வேன். நேரில் போய்ச் சொல்ல முகவரிகூடத் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவருக்காகத்தான் இது.

அப்பா கோவையில் நாற்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். இளவட்டத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு லாரி ஏறிப் போனவர். "வட்டமாவே சுத்துனா அது என்ன ரேசு" என்று இளக்காரமாகத்தான் வந்தார். வளைவுகளில் 24 டிகிரி சாய்ந்து நின்ற அந்தத் தடத்தில் கார்கள் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பட்டறைச் சத்தத்தில் காது போனவர். இரைச்சல் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டதால், பக்கத்தில் நான் பேசுவதும் கேட்காது.

மழை விட்டபிறகு லாரிகளில் ஜெட் என்ஜினை வைத்துக்கொண்டு தடத்தை உலர்த்தினார்கள். காய்ந்த இடத்திலேயே, தார் இணைப்புகள் வழியாக, அடியிலிருந்து தண்ணீர் மறுபடி கசிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. "ஊத்துக்கண்ணு தெறந்துருச்சு கண்ணு, இனி ஜெட்டு வெச்சாலும் நிக்காது" என்றார் அப்பா, ஊருக்கே கேட்கிற குரலில்.

அடுத்த இருக்கையில் இருந்த தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். எழுபது வயதிருக்கும். அவர் காதிலும் மெஷின். அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அணிகளின் வயர்லெஸ் பேச்சைக் கேட்கும் ஹெட்செட்டைத் தன் தலையிலிருந்து கழற்றி, அதன் பஞ்சை பனியன் நுனியால் துடைத்து, அப்பா காதில் மாட்டிவிட்டார். பிறகு குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் புருவத்தைத் தூக்கி, போதுமா என்று கேட்டார். அப்பா தலையாட்டும் வரை திருகினார். அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் அது அப்பா காதில்தான் இருந்தது. "எல்லாரும் வெயிட் பண்ணு, வெயிட் பண்ணுங்கறாங்க" என்று எனக்கு மொழிபெயர்ப்பு வேறு. நான் சொல்வது எதுவும் காதில் விழாமல் இரண்டு மாதம் ஓட்டிய மனுஷன், தன் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு யாரோ பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நேற்று அதே இருக்கை. ஜூன் டிக்கெட்டே செல்லும் என்பதால் அப்பா இடம் காலியாக இருந்தது. தொப்பிக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வாடி, விரலை வானத்தை நோக்கித் தயக்கமாகத் தூக்கினார். "ஐயோ, இல்லை! இந்தியா, இந்தியா!" என்று அலறினேன். சிரித்தவர், பையிலிருந்து இரண்டாவது ஹெட்செட் ஒன்றை எடுத்தார். அப்பாவுக்கென்றே கொண்டுவந்திருக்கிறார்.

72-ஆம் சுற்றிலிருந்து தொடங்கினார்கள். கடைசிச் சுற்றுகளில் கோவைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு காலை. தொப்பிக்காரர் என் கைப்பேசியை வாங்கி, அந்த ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அதன்மேல் பொத்திப் பிடித்துக்கொண்டார். மொத்தம் 248 சுற்றில் 188 சுற்று முன்னணியில் ஓட்டிய ஜேம்ஸ் ஹிஞ்ச்கிளிஃபைக் கடைசி வளைவில் கிரஹாம் ரேஹால் முந்தி ஜெயித்தார். வித்தியாசம் 0.008 விநாடி. எல்லோரும் எழுந்து குதித்தோம். தொப்பிக்காரர் மட்டும் உட்கார்ந்தபடி, கை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முடிவைக் கண்ணால் பார்த்தாரோ இல்லையோ, எனக்குச் சந்தேகம்தான்.

"மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தானுங்களா?" என்றார் அப்பா. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் இரண்டரை அடி. பேர் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் தொப்பிக்காரர் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வருஷமும் அதே இருக்கைதான் எடுப்பேன். இன்று காலை அப்பா பக்கத்துப் பட்டறைக்குப் போய், பித்தளையில் தொப்பிக்காரருக்கு ஒரு பம்பரம் கடைய ஆரம்பித்துவிட்டாராம். அடுத்த ஜூனுக்குள் கோவையிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள், பெட்டியில் அரைக் கிலோவுக்கு இடம் இருந்தால் சொல்லுங்கள்.