டைமிங் செயின் மாத்துனப்புறம் கார் நொண்டுனா உடனே கவரைக் கழட்டாதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு, டைமிங் செயினை (இன்ஜினுக்குள்ள பிஸ்டன் சுத்துற கிராங்கையும் வால்வைத் திறக்குற கேமையும் ஒண்ணா ஓட வைக்கிற சங்கிலி) வீட்ல மாத்துறவங்க கையோட இன்ஜினுக்குப் பாடையும் கட்டி வச்சுக்கணும்னு. படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் சுருக்குன்னும் இருந்துச்சு, ஏன்னா இந்த மீன்பிடித் தடைக்காலத்துல நானும் மச்சானும் அதைத்தான் செஞ்சோம், பாதிப் பாடை கட்டியும் பாத்துட்டோம்.

நாங்க ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடம். மச்சான் மீன்பிடிப் போட்டு (படகு) டிரைவர், என் சம்சாரத்தோட அண்ணன். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு கரையில கெடக்கும்போது அவரு கை சும்மா இருக்காது, எதையாவது பிரிச்சுப் போடணும். என் கார் மூணு சிலிண்டர் பெட்ரோல், காலையில ஸ்டார்ட் பண்ணா தகர டப்பாவுல கல்லைப் போட்டு குலுக்குற மாதிரி ஒரு சத்தம். செயின் நீண்டுருச்சு மாப்ள, நாமளே பாத்துரலாம்னு இறங்கிட்டாரு. அவருக்குப் பழக்கம் போட்டு இன்ஜின், அதுல டைமிங் கியருக்கு கியர், பல்லு மேல இருக்குற புள்ளியைச் சேத்து மாட்டுனா சோலி முடிஞ்சுது. செயின் வேற மாதிரி.

மாட்டுனதுல தப்பு பண்ணல, அதைச் சொல்லிடுறேன். செயின்ல கலர் அடிச்ச கண்ணி இருக்கும், அந்தக் கலர் லிங்க்கை எல்லாம் கிராங்க் வீல், கேம் வீல்ல இருக்குற புள்ளிக்கு நேரா வச்சோம், செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரோட பின்னை உருவுனோம் (அதை மறந்துட்டு மூடுனவங்க கதை தனிக் கதை), அப்புறம் ஸ்பேனர் போட்டு கையாலயே கிராங்கை ரெண்டு முழு சுத்து சுத்துனோம். கிராங்க் ரெண்டு சுத்துனாதான் கேம் ஒரு சுத்து, அதுக்குள்ள எங்கயும் முட்டலைன்னா வால்வு பிஸ்டன்ல இடிக்கலைன்னு தெரிஞ்சுக்கலாம். முட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திரணும், ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி நெம்புறது, செல்ஃப் அடிச்சுப் பாக்குறது, இதெல்லாம் பண்ணுனா அந்த அண்ணன் சொன்ன பாடைதான்.

ஆயில் கசியாம இருக்க சிலிக்கான் பசை தடவி கவரை மூடி மறுநாள் சாவியைத் திருப்புனோம். ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னுச்சு, அது டென்ஷனருக்குள்ள ஆயில் ஏறுற வரைக்கும் வர்ற சத்தம், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கப்புறம் ஐடிலிங் (மிதிக்காம சும்மா நிக்கிறப்ப இன்ஜின் ஓடுற வேகம்) ஏறி ஏறி இறங்குது, ஆக்சிலேட்டரை மிதிச்சா இழுவை இல்ல, ஒருவாட்டி ஆஃப் பண்ணா திரும்ப எடுக்க அரை நிமிஷம் செல்ஃப் அடிக்கணும், டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு வேற. மச்சான் ஒரே வார்த்தையில செயின் வீல்ல ஒரு பல்லு தாண்டிருச்சுன்னுட்டாரு. நானும் நம்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே கவரைத் திரும்பக் கழட்டுனோம், பாத்தா கலர் லிங்க் ஒண்ணு கூட புள்ளிக்கு நேரா இல்ல, எங்கயோ கெடக்கு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி புள்ளி வச்சு, மறுபடி சிலிக்கான் வாங்கி மூடுனா, வண்டி அதே நொண்டு நொண்டுது. அப்புறம்தான் வெளங்குச்சு, அந்தக் கலர் லிங்க் மாட்டுற நேரத்துக்கு மட்டும்தான், இன்ஜின் சுத்த ஆரம்பிச்சதும் அது பாட்டுக்கு நகர்ந்து போயிரும், திரும்ப அதே எடத்துக்கு வர எத்தனையோ சுத்து ஆகும். அதனால திறந்து பாக்குறப்ப பாக்க வேண்டியது வீல்ல இருக்குற புள்ளியைத்தான். முதல்நாளே அதைப் பாத்திருந்தா சரியா இருக்குன்னு மூடியிருப்போம், ரெண்டு நாள் வெட்டி வேலை.

கடைசியில மண்டபத்துலேருந்து ஒரு தம்பி போன்ல இணைக்குற சின்ன ஸ்கேனரைக் கொண்டாந்து சொருகுனான், பி0340னு (P0340) ஒரு கோடு நம்பர் வந்துச்சு. அது கேம் எந்த நிலையில இருக்குன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்ற கேம் சென்சாரோட சர்க்யூட்டுல கோளாறுங்குற கோடு, அதாவது சிக்னல் ஒழுங்கா வந்து சேரல. செயின் பல்லு தாண்டியிருந்தா பெரும்பாலும் பி0016 வரும், கிராங்க் சொல்றதும் கேம் சொல்றதும் ஒத்துப்போகலைங்குறதுக்கு. ரெண்டும் வேற வேற வியாதி. மேல் கவரைத் தூக்குறப்ப நாங்க உருவிப்போட்ட சென்சார் பிளக்கோட லாக்கு ஒடிஞ்சு, உக்காந்த மாதிரி தெரியுது ஆனா உக்காரல, உள்ள பின்னெல்லாம் உப்புக் காத்துல பச்சைக் களிம்பு. நம்ம கரையில இது இல்லாத வண்டி ஏது? தேச்சு, கேபிள் டை போட்டு இறுக்குனோம், ஸ்டார்ட் ஆகுறதும் இழுவையும் சரியாயிருச்சு. மிச்சமிருந்த ஐடிலிங் ஆட்டத்துக்குக் காரணம் இன்ஜின் ஆவியை இழுத்துப்போற ப்ரீதர் ஓஸ் முனையில ஒரு கீறல், கழட்டுறப்ப நான்தான் கிழிச்சிருக்கேன், காதை வச்சுக் கேட்டா உஸ்ஸுன்னு காத்து இழுக்குற சத்தம். அரை இஞ்ச் வெட்டி மாட்டுனேன்.

அதனால அந்த அண்ணனுக்குச் சொல்றது, செயின்மேல பழியைப் போடுறதுக்கு முன்னாடி நம்ம கை பட்ட பிளக்கு, ஓஸு, எர்த் ஒயரைப் பாக்கணும், ஸ்கேனர்ல கோடு நம்பரைப் படிக்கணும். அப்பவும் சந்தேகம்னா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பாருங்க, எல்லா சிலிண்டர்லயும் ஒரே மாதிரி கம்மின்னா டைமிங்கைச் சந்தேகப்படலாம், ஒண்ணுல மட்டும் கம்மின்னா வால்வோ ரிங்கோ. ஆயில் லைட்டு அணையலைன்னா மட்டும் யோசிக்காம ஆஃப் பண்ணிருங்க, வழிஞ்ச சிலிக்கான் சம்ப்புக்குள்ள (அடியில இருக்குற ஆயில் தொட்டி) விழுந்து ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெயினரை அடைச்சிருக்கலாம்.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்குங்கய்யா. நாங்க வாங்குன செயின் பெட்டிக்குள்ள படமும் இல்ல, தமிழ்ல ஒரு வரியும் இல்ல. புள்ளி எது, கலர் லிங்க் எதுக்குன்னு ஒரு தாள் போட என்ன செலவாயிரும்? அதோட தடைக்காலத்துல ஐடிஐயில போட்டு மெக்கானிக்குகளுக்கு ரெண்டு நாள் சென்சாரும் ஸ்கேனரும் சொல்லிக்குடுத்தா நல்லாருக்கும், இறுக்குறது கழட்டுறதெல்லாம் அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நீங்க எழுதுனா அதிகாரிங்க கண்ணுல படும்.

மச்சான் இப்ப பக்கத்து வீட்டுக் கார் ஸ்டார்ட் ஆகுறப்பல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஜூன் 15 எப்ப வரும்னு அந்த வீட்டுக்காரரு என்கிட்ட ரெண்டுவாட்டி கேட்டுட்டாரு.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகன்