‘பொறுத்துக்கோ’ என்பதற்கும் ‘விட்டுட்டு வா’ என்பதற்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் இரண்டே புத்திமதிதான் கிடைக்கிறது. பெரியவர்கள் ‘பொறுத்துக்கோம்மா’ என்பார்கள். கூடக் கொழுந்து எடுக்கிறவர்கள் ‘விட்டுட்டு வந்திரு’ என்பார்கள். எதுவரை பொறுப்பது, விடுவதென்றால் எதை விடுவது என்பதை யாரும் சொல்வதில்லை. மலையகக் குடும்பங்களோடு இந்த விஷயத்தில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் மருந்தைப் பாருங்கள். பிரியலாமா என்ற கேள்வி எழும் பல வீடுகளில் மருந்து எப்போதோ நின்றுபோயிருக்கும். சுகமாகிவிட்டது என்று நிறுத்துவது ஒரு காரணம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் பக்கவிளைவு. அதைத்தான் ஆட்கள் அதிகம் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிக்குப் பிறகு கை கால் விறைக்கலாம். இருப்புக் கொள்ளாமல் லயத்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கலாம். நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். விறைப்புக்கு பென்செக்சோல் குளிசை உண்டு. இருப்புக் கொள்ளாமைக்கு டொக்டர் மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பார். கழுத்து ஒரு பக்கம் கோணி, கண் மேலே சொருகினால் பேயோட்டும் கோடாங்கியைத் தேடி ஓடுகிறார்கள். மருந்தால் வரும் தசைப்பிடிப்பு அது. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். சாமி பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உடுக்கை அடிக்கிற இரவிலும் குளிசையைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

மனநிலையைச் சீராக வைக்கும் லிதியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால், கை கடுமையாக நடுங்கித் தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்தத்தில் மருந்து கூடியிருக்கலாம். அவருக்கு உடம்பு நோவுக்கு டைக்லோபினாக், இபுபுரூபன் போன்றவற்றைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். லிதியம் அளவு பார்க்க இரத்தம் எடுப்பது கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து. அன்று காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகுதான் போடவேண்டும். குளோசபின் என்ற மனநோய் மருந்து 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. அதை எடுப்பவருக்குத் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போய் இரத்தம் பார்க்கவேண்டும்.

குளிசை போட்டீங்களா என்று தினமும் கேட்டுச் சண்டை பிடிப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. நாளுக்கு ஒன்றாக 30 கொடுத்திருந்தால் 20 நாள் முடியும்போது 10 இருக்கவேண்டும். 17 இருந்தால் ஏழு நாள் போடவில்லை. இந்தக் கணக்கைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்னறிகுறிகளையும் அங்கேயே எழுதுங்கள். ஒருவருக்கு மூன்று இரவு தூக்கம் போகும், இன்னொருவர் குளிக்கமாட்டார், வேறொருவர் கடன் வாங்கி ஊருக்கெல்லாம் சாமான் வாங்கிக் கொடுப்பார். ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். அதைக் கண்டால் கிளினிக் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். தமிழ் தெரியாத டொக்டரிடம் இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாததை, அந்தத் தாளை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால் சொல்லிவிடலாம்.

முற்றிய நேரத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரே கதவுதான். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். சந்தேகத்தைப் பொய்யென்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். கவ்வாத்துக் கத்தியும் களைகொல்லிப் போத்தலும் முதல் அறிகுறி கண்ட நாளிலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடவேண்டும். 1990 என்ற எண்ணில் அம்புலன்சைக் கூப்பிட்டால் தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லி, மெயின் ரோட்டுத் திருப்பத்தில் ஒருவரை நிறுத்துங்கள். பொலிஸை அழைக்க நேர்ந்தால், ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்’ என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இனி விடுவது பற்றி. அடிப்பதெல்லாம் நோய் அல்ல. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் பணிவாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பொஞ்சாதியை மட்டும் அடிக்கிறவரின் கையை நோய் ஆட்டவில்லை. நோயால்தான் அடிக்கிறார் என்றாலும் பிள்ளைகள் அந்தக் காம்பராவில் இருக்கவேண்டியதில்லை. கத்தி எடுத்த பிறகு இன்னொரு முறை பார்ப்போம் என்பது கிடையாது, அன்றிரவே வெளியே. நோய் ஏறிய நிலையில் மருந்து வேண்டாம் என்பதையும், நன்றாகத் தூங்கி வேலைக்குப் போகிற நாட்களில் திரும்பத் திரும்ப வேண்டாம் என்பதையும் ஒன்றாக எடுக்காதீர்கள். முதலாவது நோயின் பேச்சு. இரண்டாவது அவருடைய முடிவு. அதற்கு நீங்கள் ஆயுள் முழுக்கக் காவல் இருக்க முடியாது. பார்த்துக்கொள்கிறவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, மாதத்தில் பாதிப் பேர் கூட விழவில்லை, பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டது என்றால், அந்த வீட்டில் நோயாளி ஒருவர் அல்ல.

‘நீ போனா செத்துப்போயிருவேன்’ என்றால் அதை நடிப்பென்றும் தள்ளாதீர்கள், தங்குவதற்கான கட்டளையாகவும் எடுக்காதீர்கள். அது அவசர நிலை. தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

போவதானால் முடிந்தவரை அவர் தெளிவாக இருக்கும் நாட்களில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. அடி உதை உள்ள வீட்டில் மட்டும் சொல்லாமல் கிளம்புங்கள். கிளினிக் கொப்பி யார் கைக்குப் போகிறது, அடுத்த ஊசி என்றைக்கு என்பதை அவருடைய அண்ணனிடமோ அம்மாவிடமோ ஒப்படைத்து, கிளினிக்கில் புதிய போன் நம்பரைக் கொடுங்கள். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உங்களோடு வரட்டும். பிரிந்திருக்க விவாகரத்து தேவையில்லை; எமது பொதுச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்குக் காரணமும் அல்ல. அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதற்கு சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நோயாளியின் பெற்றோருக்கு இப்படிப் பிரிந்துபோவது பொருந்தாது. அவர்களுக்கு விடுவதென்பது கொழும்புக் கடையில் நிற்கும் மகனையும் கட்டிக்கொடுத்த மகளையும் கூப்பிட்டு, மாதத்தில் எந்தக் கிளினிக் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது. அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது அல்ல. வார்டில் வைத்துக் குணப்படுத்தி வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

இக்கடிதத்தைப் பிரசுரித்தால் 1926 என்ற எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மனநலப் பராமரிப்பில் வேலை செய்யும் சிலர்,
ஹட்டன்.