கன்று ஈனும் மூன்று மாதத்துக்காவது இரவில் கால்நடை மருத்துவர் கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிடை மாடு வளர்ப்போர் சார்பாக,
திருநெல்வேலி மாவட்டத் தென்பகுதி.

பெறுநர்:
உயர்திரு. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம்,
திருநெல்வேலி.

பொருள்: கிடை மாடுகளின் ஈற்றுக் காலம் – புரட்டாசி முதல் கார்த்திகை வரை இரவு நேர மருத்துவ உதவி – வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கீழ் அலுவலகங்களில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். (எதற்கும் பதில் வரவில்லை.)

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நாங்கள் கிடை மாடு, அதாவது தொழுவத்தில் கட்டாமல் மந்தையாக மேய்த்து, வயல்களில் உரத்துக்காக இரவில் அடைத்துப் போடுகிற மாடு, வைத்துப் பிழைக்கிறவர்கள். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டித் தெற்கே போகும்போது காற்றாடிகளுக்கு ஊடே செவலையும் மயிலையுமாக மேய்கின்றனவே, அவை எங்களைப் போன்றவர்களின் மாடுகள்தான். மாவட்டம் முழுக்கத் தெரிந்த தங்களுக்கு இந்தப் பக்கத்துத் செம்மணல் தேரியையும் குளத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு முப்பது நாற்பது உருப்படி இருக்கும். பால் கறந்து விற்பதில்லை. கன்று குடித்தது போக மிஞ்சினால் வீட்டுக்கு ஒரு செம்பு, அவ்வளவே. பிசான நெல் அறுத்த பிறகு சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் வயல்களில் கிடை போடுவோம். சாணிக்கும் கோமியத்துக்கும் வயல்காரர்கள் ராத்திரிக் கணக்கில் காசு தருவார்கள். மற்றபடி கையில் பணம் பார்ப்பது காளைக்கன்றில்தான். இரண்டு மூன்று வயதில் அது மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் கறிக்காகப் புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஏறும். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். வருஷம் ஒரு கன்று என்று பசு போட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். கன்று செத்துப் பிறந்தால் அந்தப் பசு அந்த வருஷம் சும்மா மேய்ந்ததாகக் கணக்கு. பசுவும் சேர்ந்து போய்விட்டால் கணக்கே இல்லை.

மலையடிவார மேய்ச்சல் தடையைப் பற்றிப் பேச இந்த மனு எழுதவில்லை. அது தனி வழக்கு. ஒரே ஒரு விஷயம் கேட்டு வந்திருக்கிறோம்.

1. எங்கள் மாடுகளுக்குச் சினை ஊசி கிடையாது, பொலிகாளை மந்தையோடுதான் நிற்கும். மார்கழி, தையில் புல் பச்சையாக இருக்கும்போது பசுக்கள் காளைக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆகவே புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை என்று மளமளவென்று ஈனும். வடகிழக்குப் பருவமழை ஊற்றுவதும் அதே மாதங்களில்தான். நாங்கள் நாள் குறித்துச் செய்வதல்ல இது, புல் செய்கிற வேலை.

2. எங்களுக்கு அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் நிரந்தர மருத்துவர் இல்லை. வேறு ஊர் மருத்துவர் கூடுதல் பொறுப்பாக வாரத்தில் சில நாள் வருகிறார். நல்ல மனிதர், வந்தால் முகம் சுளிக்காமல் பார்ப்பார். அவர் மேல் எங்களுக்குக் குறை இல்லை. மதியத்துக்கு மேல் கதவு பூட்டிவிடும் என்பதுதான் குறை.

3. அய்யா, தயவுசெய்து இந்த மூன்றாவதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நாங்கள் வந்ததே இதற்காகத்தான்.

மாடு ஈனுவதில் பெரும்பகுதிக்கு மருத்துவர் தேவையே இல்லை. பனிக்குடம் உடைந்ததும் முன்னங்குளம்பு இரண்டும் தெரியும், அதன்மேல் மூக்கு படிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு தரையில் விழும். மூக்குச் சளியை வழித்து, வைக்கோலால் துடைத்து, தொப்புளில் டிஞ்சர் அயோடின் வைத்து, மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட விட்டால் எங்கள் வேலை முடிந்தது. விழுந்த இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) நாய் இழுக்காமல் வைக்கோலில் சுருட்டி ஆலமரத்தில் கட்டுவோம். இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தெரியாதது என்னவென்றால், முதல் கன்று ஈனுகிற தலையீற்றுக் கிடேரிக்கு ஒரு காலும் வாலும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது, கன்று குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது என்பது. அதற்குப் படித்த கை வேண்டும்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுச் செவலைக் கிடேரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு நீர் உடைந்தது. ஒரு முன்னங்கால் மட்டும் முட்டி வரை வெளியே வந்து நின்றுவிட்டது. நாங்கள் உடனே பிடித்து இழுக்கவில்லை. முக்கும்போது மட்டும் கூடவே இழுக்க வேண்டும், முக்காதபோது விட்டுவிட வேண்டும், வழி தெரியாமல் இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அத்தை டார்ச் பிடித்தாள். மழை சாரலாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிடையில் அனுபவப்பட்ட பெரியவர் தேங்காய் எண்ணெய் தடவிக் கையை விட்டுப் பார்த்தார். "தல பின்னால திரும்பிட்டு, தாயி. மூக்கு என் விரல்ல படுது, ஆனா பிடிக்க முடியல. டாக்டரக் கூப்பிடு" என்றார். அவர் விரலைக் கன்று சப்பியதாம். அப்போது அது உயிரோடுதான் இருந்தது.

கூப்பிட்டோம். மருந்தகக் கதவில் எழுதியிருந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு எண்ணில் எடுத்தவர் முதலில் கேட்ட கேள்வி, "கறவ மாடா, கிடை மாடா?" கிடை மாடு என்றதும், "கிடை மாடுன்னா நீங்களே பாத்துக்கிட மாட்டியளா? காலைல டாக்டர் வந்திருவாரு" என்று வைத்துவிட்டார். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், பாதி கன்று வெளியே தொங்குகிற மாட்டை மழையில் டெம்போவில் ஏற்றி அத்தனை தூரம் போவது ஆகிற காரியமா? அதுவும் தரைப்பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த இரவில்?

நடுச்சாமத்துக்குப் பிறகு கன்று விரலைச் சப்பவில்லை. விடிகிற நேரத்தில் எப்படியோ இழுத்து வெளியே போட்டோம். நல்ல காளைக்கன்று, நெற்றியில் வெள்ளை. அதன் பின்னாலேயே பசுவுக்குக் கருப்பை முழுக்க வெளியே வந்து மண்ணில் புரண்டது. ஈரத்துணியில் ஏந்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருத்துவர் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது, கிடேரி தலையைக் கீழே போட்டுவிட்டது. "ராத்திரியே பாத்திருந்தா ரெண்டையும் எடுத்திருக்கலாம்" என்று அவரே சொன்னார். அவர் சொன்னதைத்தான் அய்யா நாங்களும் சொல்கிறோம், மனு மனுவாக.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. ஒவ்வொரு ஈற்றுக் காலத்திலும் ஏதாவது ஒரு கிடையில் இது நடக்கிறது.

ஒருமுறை பயிற்சி முகாமில், சாயந்தரம் பொழுது சாய்ந்தபின் தீவனம் போட்டுப் பழக்கினால் மாடுகள் பெரும்பாலும் பகலில் ஈனும் என்று சொன்னார்கள். பொய் என்று சொல்லவில்லை. தொழுவத்தில் கட்டிப் போடுகிற மாட்டுக்கு அது சரிப்படும். எங்கள் மாடு காலையில் போய் மேய்ந்துவிட்டுப் பொழுதடைய வந்து படுப்பது. தீவனம் வாங்கிப் போட எங்களுக்குக் கட்டுப்படியானால் நாங்கள் ஏன் கிடை மாடு வைத்திருக்கிறோம்?

4. மந்தையில் ஒரு பசு ஏழெட்டு மாதத்தில் கன்று வீசினால், அதாவது குறைமாதத்தில் போட்டுவிட்டால், பின்னாலேயே இன்னொன்றும் வீசுகிறது. இது புரூசெல்லா நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும், வெறுங்கையால் கொடியைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சரி. கையுறை யார் தருவது? இந்த நோய்க்கான தடுப்பூசியை நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக்கன்றுகளுக்கு ஒரு தடவை போட வேண்டும். தடுப்பூசி முகாம் ஊர்ப் பொதுவிடத்தில் நடக்கும்போது எங்கள் கிடை எந்த வயலில் கிடக்கிறதோ! கிடை இருக்கும் இடத்துக்கு வந்து போட வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

5. காதுவில்லை போட்டு 12 இலக்க எண் கொடுத்தார்கள். மாடு செத்தால் அந்த எண்ணும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இருந்தால்தான் காப்பீடு. சான்று தர மருத்துவர் வர வேண்டும். மேலே 3-ஐப் பார்க்கவும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் செத்த மாடுகளுக்கு 37,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது, நன்றி மறக்கவில்லை. வெள்ளத்தில் செத்தால் மாடு, ஈற்றில் செத்தால் மாடு இல்லையா?

6. மறுபடியும் 3-க்கே வருகிறேன், மன்னிக்க வேண்டும். பால் ஊற்றுகிற மாட்டுக்குச் சங்கம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. எங்கள் மாட்டுக்கு யாரும் இல்லை. "கறவையா கிடையா" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை எந்த அரசாணையில் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் எங்களுக்கும் ஒரு நகல் தரச் சொல்லுங்கள். எங்கள் மாடு போட்ட சாணியில் விளைந்த நெல்லைத்தானே எல்லோரும் சாப்பிடுகிறார்கள்? மனு கொடுக்கும்போதெல்லாம் சீல் போட்டு ஒரு ரசீது தருகிறார்கள். ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன. காட்டச் சொன்னால் காட்டுகிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை அய்யா. புதுக் கட்டடம் கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை, எங்கள் பகுதி மருந்தகங்களின் மருத்துவர்களுக்குள் முறை வைத்து, ஒவ்வொரு இரவுக்கும் ஒருவர் கூப்பிட்டால் வருகிற மாதிரி உத்தரவிட வேண்டும். அவர் பெயரும் செல்போன் எண்ணும் மருந்தகக் கதவிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதியிருக்க வேண்டும். எண் அணைந்திருக்கக் கூடாது. அவர் வந்து போக வண்டி இல்லையென்றால் நாங்களே பைக்கில் கூட்டிவந்து திரும்பக் கொண்டு விடுகிறோம், எந்த மழையானாலும். நிரந்தர மருத்துவரை நியமிக்கும் வரை காத்திருக்க முடியாதென்பதால்தான் இந்த ஏற்பாட்டைக் கேட்கிறோம்; அதற்காக அந்தப் பணியிடத்தை மறந்துவிடச் சொல்லவில்லை.

அதோடு, கிடைக்கு ஒருவர் வீதம் எங்கள் பிள்ளைகளை ராமையன்பட்டிக் கல்லூரியில் சில நாள் பயிற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால், எந்த ஈற்றில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது, மருத்துவர் வரும்வரை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வார்கள். தோள்வரை போடுகிற கையுறை, கன்று இழுக்கும் கயிறு, வழவழப்புக்கு மருந்து எண்ணெய், டிஞ்சர் அயோடின் இவை அடங்கிய ஒரு பெட்டி கொடுத்தால் போதும். பெட்டியைக் கொடுத்துவிட்டு மருத்துவரை நிறுத்திவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

இப்போது எங்கள் கிடைகளில் நிறைசினையாக நிற்கிற பசுக்களில் தலையீற்றுக் கிடேரிகள் நிறைய. சிலதுக்கு மடி இறங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மனு எழுத எங்களுக்கு நேரம் இருக்காது, ஈற்று தொடங்கிவிடும். ஆகவே இந்த மனுவையும் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி, முன்பு கொடுத்த அதே மேசைக்கே திருப்பி அனுப்பிவிடாமல், தாங்களே பார்த்து, புரட்டாசி பிறக்கும் முன் உத்தரவு போடும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இரவுக்கு ஒரு மருத்துவர். மூன்று மாதம். அவ்வளவுதான் அய்யா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிடை மாடு வளர்ப்போர்
(ஒப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)